இழவுச் செய்தி எட்டும் தூரம்: ஒரு கண்டிக் கணக்கு

கண்டி மாவட்டத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 33 பேர் இறக்கிறார்கள். 2023இல் இலங்கை முழுவதும் பதிவான இறப்புகள் ஏறத்தாழ 1.81 இலட்சம். 2024 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 217.6 இலட்சம், அதில் கண்டி மாவட்டம் 14.6 இலட்சம், அதாவது 6.7 சதவீதம். இறப்புகளிலும் அதே பங்கு என்று கொண்டால் ஆண்டுக்கு 12,127. 365ஆல் வகுத்தால் 33.2. இதே முறையில் 2019ஐக் கணக்கிட்டால் நாடளாவிய இறப்பு 1.46 இலட்சம், கண்டியின் பங்கு 9,782, நாளுக்கு 27. நான்கு ஆண்டில் நாளொன்றுக்கு 6 பேர் கூடியிருக்கிறார்கள். 24 சதவீத ஏற்றம்.

இந்த ஏற்றத்துக்கு முதல் விளக்கம் வயது. நாட்டில் 65 வயதைத் தாண்டியவர்கள் 2012இல் 7.9 சதவீதம், 2024இல் 12.6 சதவீதம். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகிறது. மாத்தளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் கண்டி தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே உயிர்விட்டவரும் கண்டிப் பதிவேட்டில்தான் வருவார். ஆகவே 33 என்பதைக் கீழ் எல்லைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

மாநகர எல்லைக்குள் மட்டும் பார்த்தால் எண் சிறுத்துவிடுகிறது. 28.53 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள கண்டி மாநகரில் 2012இல் இருந்தவர்கள் 98,828 பேர். ஆயிரத்துக்கு 8.3 என்ற 2023இன் நாட்டு வீதப்படி ஆண்டுக்கு 820 இறப்பு, நாளுக்கு 2.2. நாளுக்கு இரண்டு பேர் இறக்கும் ஊரில் யார் இறந்தார் என்று அறிவது எளிதாகத்தான் இருக்க வேண்டும். இருந்தும் என் உறவில் மூன்று சாவுகளை நான் காரியம் முடிந்த பிறகே அறிந்தேன். அதனால்தான் இந்தக் கணக்கு.

வீதத்தின் பழைய நிலையையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 1934-35 மலேரியாக் கொள்ளையில் நாடு முழுவதும் இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். 1935இல் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 36.6. 1946இல் 20, டிடிடி தெளிப்புக்குப் பின் 1947இல் 14. ஒரே ஆண்டில் ஆறு புள்ளி இறக்கம். 1935இன் வீதம் இன்று இருந்தால் கண்டி மாநகரில் மட்டும் நாளுக்கு 10 பெட்டி இறங்கும்.

பெட்டி என்றதும் மலர்ச்சாலைக்கு வர வேண்டும். இறுதிக் கிரியைக்கு உடலை ஆயத்தம் செய்யும் கடைக்கு இலங்கைத் தமிழில் வழங்கும் பெயர் மலர்ச்சாலை. சிங்களத்திலும் அதே பொருள்தான். தமிழ்நாட்டிலிருந்து வருபவர் அந்தப் பலகையைப் பார்த்துப் பூக்கடை என்று நினைத்துக்கொள்வதுண்டு. கொழும்பில் பொரளை கனத்தைச் சந்தியில் ரேமண்ட், ஜயரட்ண என்ற இரு பெயர்களும் நாடறிந்தவை. கண்டியிலும் சுற்றூர்களிலும் மலர்ச்சாலைகளைப் பெரும்பாலும் மூன்று இடங்களில் தேட வேண்டும்: பெரிய வைத்தியசாலையின் அருகே, மஹியாவை மயானத்துக்குப் போகும் வழியில், கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை போன்ற சந்தி நகரங்களின் பிரதான வீதியில். பெட்டி, உடலைப் பதப்படுத்துதல், வாகனம், விளக்கு, மண்டபம் என்று ஐந்து வகைச் செலவு அங்கே ஒரே பற்றுச்சீட்டில் வரும். பத்திரிகை அறிவித்தலையும் அவர்களே அனுப்பித் தருவதுண்டு. அது ஆறாவது வரி. பணம் போதாதபோது முதலில் அடிபடுவதும் அந்த ஆறாவது வரிதான். பெட்டியில்லாமல் எடுக்க முடியாது, வாகனமில்லாமல் கொண்டுபோக முடியாது. அறிவித்தல் இல்லாமல் அடக்கம் செய்துவிடலாம்.

வாகனத்தின் கணக்கு டீசலில் இருக்கிறது. கொழும்பு வைத்தியசாலையொன்றில் இறந்த கண்டிக்காரரை ஊருக்குக் கொண்டுவர ஒரு வழி 115 கிலோமீற்றர், போக வர 230. லீற்றருக்கு 8 கிலோமீற்றர் என்றால் 28.75 லீற்றர். 2021 டிசம்பர் இறுதியில் டீசல் லீற்றர் 121 ரூபா. அந்தப் பயணத்தின் எரிபொருள் 3,479 ரூபா. 2022 ஜூன் 26 அன்று டீசல் 460 ரூபா. அதே பயணம் 13,225 ரூபா. ஆறு மாதத்தில் 3.8 மடங்கு. வரிசையில் நின்றாலும் டீசல் கிடைக்காத நாட்களும் அதே ஆறு மாதத்தில்தான் வந்தன. உடலை ஒருநாள் கூடுதலாக மலர்ச்சாலையில் வைக்க நேர்ந்தவர்களுக்கு அந்த ஒருநாளின் செலவு தனி.

பெட்டியைக் கூலிநாளால் அளப்பதே சரியான அளவு. 2021இல் கொவிட் சாவுகள் பெருகியபோது தெஹிவளை-கல்கிசை மாநகர சபை தடித்த அட்டையால் செய்த சவப்பெட்டியை அறிமுகம் செய்தது. விலை 4,500 ரூபா. மிக மலிவான மரப்பெட்டியின் விலையில் ஆறிலொரு பங்கு என்று அப்போது சொன்னார்கள். அப்படியானால் மரப்பெட்டி 27,000 ரூபா. அதே ஆண்டு மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆக்கப்பட்டது. அட்டைப்பெட்டிக்கு நாலரை நாள் கொழுந்து பறிக்க வேண்டும். மரப்பெட்டிக்கு 27 நாள். மாதத்தில் 27 நாள் வேலை எந்தத் தோட்டத்திலும் வழக்கமில்லை. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஆண்டுக்கணக்கில் 73.7 சதவீதம். பெட்டி விலையும் அதே வேகத்தில் ஏறியது என்று கொண்டால் 27,000 என்பது 46,900 ஆகும். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. 46,900ஐ அதனால் வகுத்தால் 34.7 நாள். சம்பளம் 35 சதவீதம் ஏறியும் பெட்டி எட்டு நாள் தள்ளிப் போயிருக்கிறது.

இந்த இடைவெளியை அடைப்பது மரண உதவிச் சங்கம். சிங்களக் கிராமத்தில் அதற்கு மரணாதாரச் சங்கம் என்று பெயர். பள்ளிவாசல் மஹல்லாவில் ஜனாஸாக் குழு. தோட்டத்தில் தொழிலாளர் வரிவீடான லயத்துக்கு லயம், கோயில் கமிட்டியோடு ஒட்டி ஓர் ஏற்பாடு. கணக்கிற்கு 60 குடும்பங்கள், ஒரு சாவுக்குத் தலா 250 ரூபா என்று வைத்துக்கொள்வோம்: 15,000. மேலே சொன்ன 27,000 ரூபாப் பெட்டியில் 56 சதவீதம்; 46,900 ரூபாப் பெட்டியில் 32 சதவீதம். ஆனால் சங்கம் தருவது பணம் மட்டுமல்ல. கூடாரத் தகரம், பிளாஸ்டிக் கதிரை, தேநீர்க் கேத்தல், குழி வெட்ட ஆள், இரவு விழிக்க ஆள் ஆகியவற்றுக்கு விலை போட்டால் 15,000ஐ விடக் கூடும். லயத்துக் காம்பரா ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி, 120 சதுர அடி. ஆறரை அடிக்கு இரண்டடிப் பெட்டி அதில் 13 சதுர அடி எடுத்துக்கொள்ளும். தலைமாட்டு விளக்கையும் சுற்றி உட்காரும் பெண்களையும் சேர்த்தால் இடம் முடிந்தது. மற்றவர்கள் எல்லோரும் இஸ்தோப்பிலும் முற்றத்திலும்தான். மழை நாளில் அந்தத் தகரக் கூடாரம் இல்லாவிட்டால் கேத வீட்டில் நிற்க இடமில்லை.

எரிப்பதா புதைப்பதா என்பதற்கும் விலை உண்டு. நகரத் தகனசாலைகள் பல எரிவாயுவில் இயங்குபவை. 12.5 கிலோ சிலிண்டர் 2021 அக்டோபர் முற்பகுதி வரை 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா, 3.26 மடங்கு. அந்த ஆண்டு எரிவாயு கிடைக்காமல் தகனம் தடங்கிய ஊர்களில், எரிப்பதாக இருந்தவர்களும் புதைக்க வேண்டியதாயிற்று.

புதைப்பதற்கு நிலம் வேண்டும். மலைநகரில் சமநிலம் அரிது. வழிவிட்டு ஒரு குழிக்கு எட்டடிக்கு நாலடி, 32 சதுர அடி என்று கொள்வோம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, எட்டரைக் குழி. மாவட்டத்தின் 12,127 பேரையும் புதைத்தால் ஆண்டுக்கு 8.9 ஏக்கர். எல்லோரையும் புதைப்பதில்லை. கண்டி மாவட்ட மக்களில் பௌத்தர்கள் ஏறத்தாழ 73 சதவீதம், முஸ்லிம்கள் 14, இந்துக்கள் 10, கிறிஸ்தவர்கள் 2.5. முஸ்லிம்கள் புதைக்கவே செய்வார்கள்: 12,127இல் 14 சதவீதம் 1,698 குழி, 200 பேர்ச், அதாவது ஒன்றேகால் ஏக்கர். முஸ்லிம் சமூகத்தின் வயதுக் கட்டமைப்பு இளையது என்பதால் உண்மை எண் இதைவிடக் குறையும். மஹியாவையில் பொது மயானமும் தகனசாலையும் முஸ்லிம்களின் மையவாடியும் அருகருகே இருக்கின்றன. அதே மஹியாவையில்தான் மாநகர சபையின் சுகாதாரத் தொழிலாளர்கள் தலைமுறையாக வசிக்கும் தமிழ்க் குடியிருப்பும் இருக்கிறது. ஊரின் குப்பையை அள்ளுகிறவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் இறந்தால் அந்தச் சேதி வரிவீடுகளைத் தாண்டிப் போவது அரிது.

இனி அந்த ஆறாவது வரியைப் பார்ப்போம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையின் மரண அறிவித்தலுக்கு ஒரு வாய்பாடு உண்டு. பெயரை எடுத்துவிட்டால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். மாதிரிக்கு ஒன்றை எழுதிப் பார்க்கிறேன்:

"கண்டி மஹியாவையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட இன்னார் 12ஆம் திகதி திங்கட்கிழமை காலமானார். அன்னார் காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதியரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார், இன்னார், இன்னார் ஆகியோரின் பாசமிகு தாயாரும் ஆவார். அன்னாரின் பூதவுடல் மலர்ச்சாலையில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டு, 14ஆம் திகதி புதன்கிழமை பிற்பகல் 3 மணிக்கு மஹியாவை பொது மயானத்தில் தகனம் செய்யப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: குடும்பத்தினர்."

மொத்தம் 51 சொல். இறந்தவரின் பெயர் 1 சொல், 2 சதவீதம். உறவுமுறை சொல்லும் இரண்டாம் வாக்கியம் 17 சொல், மூன்றில் ஒரு பங்கு. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்பதற்கு 9 சொல், 17.6 சதவீதம். வயது இல்லை. தொழில் இல்லை. சாவின் காரணம் இல்லை. மைத்துனர், சம்பந்தி, பேரப்பிள்ளைகள் என்று பெரிய குடும்பங்களில் அந்த இரண்டாம் வாக்கியம் நீண்டுகொண்டே போகும். மற்ற நான்கு வாக்கியங்களும் நீளாது. விளம்பரத்துக்கு அளவைப் பொறுத்துத்தான் கட்டணம். எனவே கூடுதலாகக் கொடுக்கும் பணமெல்லாம் உறவுமுறைக்கே போகிறது. இதை ஆடம்பரம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்திலோ டொரொன்டோவிலோ இருந்து வாசிப்பவர், இறந்தவர் தனக்கு யார் என்று கண்டுகொள்வது அந்த 17 சொல்லில்தான். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் ஊரில் தகப்பன் பெயரும் பிள்ளைகள் பெயரும்தான் ஆளைக் காட்டித் தரும்.

பிழை நேர்வதும் இந்த 51 சொல்லுக்குள்தான். என் பெரியப்பாவின் அறிவித்தலில் 3 மணி என்று எழுதிக் கொடுத்தோம்; அச்சில் 5 மணி என்று வந்தது. ஓர் இலக்கம். ஹற்றனிலிருந்து பஸ் பிடித்து வந்த அவரது மைத்துனர்கள் இருவரும் நாலரைக்கு மயானத்துக்கு வந்தபோது மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் குழி மேட்டின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். வேறொன்றும் பேசவில்லை.

அச்சுக்கு இருக்கும் வயதையும் சொல்லிவிட வேண்டும். கண்டியில் 1838இல் பிறந்த சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார். 'வீரகேசரி' 1930 ஆகஸ்ட் 6இல் வந்தது. 'தினகரன்' 1932 மார்ச் 15இல். 1925 டிசம்பர் 16இல் கொழும்பில் வானொலி தொடங்கியது. பின்னர் அதிலும் மரண அறிவித்தல் நிலைத்தது. செய்தியறிக்கையை ஒட்டி, ஊர்ப் பெயரை முன்னே சொல்லி, ஒரே சீரான குரலில் வாசிக்கப்படும் அந்த அறிவித்தலுக்காக வேலையை நிறுத்திக் காது கொடுத்த வீடுகள் மலையகத்தில் எத்தனையோ. கண்டியிலிருந்து ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் 321 கிலோமீற்றர். வீதி மூடியிருந்த போர்க்காலத்திலும் அந்தத் தூரத்தை வானொலி கடந்தது. அச்சுக்கு 2022இல் ஓர் இடி விழுந்தது: காகிதத் தட்டுப்பாட்டால் மார்ச் மாத இறுதியில் நாட்டின் இரு நாளிதழ்கள், ஓர் ஆங்கிலம் ஒரு சிங்களம், சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. பக்கம் குறைந்தால் அறிவித்தலுக்கான இடமும் குறையும்.

பத்திரிகையும் வானொலியும் எட்டாத இடத்தில் வேலை செய்வது வெள்ளைக் கொடி. கண்டிப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் பெருவீதிச் சந்தியிலிருந்து வீட்டு வாசல் வரை இருபுறமும் கயிறு கட்டி வெள்ளைப் பிளாஸ்டிக் கொடி தொங்கவிடுவார்கள். சிங்களவரும் தமிழரும் செய்வது. பிக்கு ஒருவர் காலமானால் கொடி காவி நிறமாகும். மூன்று மீற்றருக்கு ஒரு கொடி, 500 மீற்றர் வழி என்றால் ஒரு பக்கம் 167, இரு பக்கம் 334. மேலே எண்ணிய 51 சொல்லில் 9 சொல்லின் வேலையை இந்த 334 கொடி செய்துவிடும்: இங்கேதான், இன்று அல்லது நாளை. பெயரை மட்டும் அது சொல்லாது. சந்தியில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் கடைக்காரரிடம் "யார் வீடு?" என்று கேட்டே ஆக வேண்டும். தோட்டத்தில் இதே வேலையைத் தப்புப் பறை செய்தது. சாவுக்கு அடிக்கும் அடி வேறு, திருவிழாவுக்கு அடிக்கும் அடி வேறு என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அடுத்த தோட்டத்துக்கு இழவு சொல்ல ஆள் நடந்து போவான். முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி: பெயர், உறவு, ஜனாஸாத் தொழுகை நேரம், மையவாடி. அடக்கம் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் மறுநாள் பத்திரிகை அவர்களுக்கு உதவாது. கபன் துணி ஆணுக்கு 3, பெண்ணுக்கு 5; ஆடம்பரப் பெட்டிக்கு வேலையில்லை. நான் கணக்கிட்ட செலவுகளில் பணக்காரனுக்கும் ஏழைக்கும் இடையே மிகக் குறைந்த வேறுபாடு இந்த வரியில்தான்.

கொடியும் தப்பும் கடலைத் தாண்டுவதில்லை. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளித் தமிழரில் 5.25 இலட்சம் பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், 3 இலட்சம் பேர் இலங்கையில் இருக்கலாம், எஞ்சிய 1.5 இலட்சம் பேர் பின்னர் பங்கிடப்படுவார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பட்டியல், தங்கை ஒரு பட்டியல். தங்கை கோத்தகிரிக்குப் போனாள், அண்ணன் கலஹாவில் நின்றுவிட்டான் என்பது போன்ற குடும்பங்கள் கண்டியைச் சுற்றி ஏராளம். அவர்களுக்கிடையே சாவுச் செய்தி போனது தந்தியில், பிறகு கடிதத்தில். இந்தியத் தந்திச் சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. கடிதம் போய்ச் சேர்வதற்குள் பதினாறாம் நாள் கருமாதி முடிந்துவிடும். இன்று கைபேசி அந்த 16 நாளைப் பதினாறு விநாடி ஆக்கிவிட்டது உண்மைதான். ஆனால் கைபேசியில் வந்த செய்தி ஏட்டில் நிற்பதில்லை. 30 ஆண்டு கழித்துப் பாட்டன் எங்கே அடக்கமானார் என்று தேடும் பேரனுக்கு அது கிடைக்காது.

தேடுகிறவருக்கு மூன்று வழி உண்டு. முதலாவது பதிவேடு. இலங்கையில் இறப்புப் பதிவு 1867 முதல் சட்டம். இப்போது நடைமுறையில் இருப்பது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். வீட்டுச் சாவென்றால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, வைத்தியசாலைச் சாவென்றால் அங்கிருந்து தரும் படிவம், திடீர்ச் சாவென்றால் மரண விசாரணை அதிகாரி. சான்றிதழில் வயது, தொழில், தாய் தந்தை பெயர், காரணம், அடக்கம் அல்லது தகனம் நடந்த இடம் என்று பத்திரிகை சொல்லாததெல்லாம் இருக்கும். பிள்ளைகளின் பெயர் இருக்காது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் ஓர் ஆள் முழுமையாகிறார். பிரதிக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களம் நெடுங்காலம் வாங்கிய கட்டணம், பதிவு இலக்கமோ திகதியோ தெரிந்தால் 120 ரூபா, தெரியாமல் இரண்டு ஆண்டுக்குள் தேட வேண்டுமென்றால் 250 ரூபா. திகதி தெரியாததன் விலை 130 ரூபா. இரண்டாவது வழி பழைய பத்திரிகையும் நினைவு மலரும். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம ஆவணகம் கல்வெட்டு எனப்படும் நினைவு நூல்களையும் நினைவு மலர்களையும் திரட்டி எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. புலம்பெயர்ந்தோருக்கான இணைய அறிவித்தல்கள் வேறு வந்துவிட்டன. அவற்றில் யாழ்ப்பாணத்துக் கோப்பாயும் வேலணையும் நிறைய. கண்டித் தோட்டப்பக்கத்துக் கலஹாவும் தெல்தோட்டையும் கண்ணில் படுவது அரிது. மூன்றாவது வழி கல்.

கல்லைப் பற்றிய எண்கள் கண்டியில் உரத்துப் பேசுகின்றன. தலதா மாளிகைக்குப் பின்னே, 1817இல் தொடங்கிய பிரித்தானியக் காவற்படை மயானம் இருக்கிறது. கல்லறைகள் 195. 1870களில் நகருக்குள் அடக்கம் செய்வது தடைப்பட்டதும் அது மூடப்பட்டது. வாட்டர்லூவில் போரிட்டுப் பிழைத்து 1817இல் இங்கே காய்ச்சலில் இறந்தவர், 1856இல் யானை மிதித்து இறந்தவர், 1861இல் தன் வீடே இடிந்து விழுந்து இறந்தவர், 1824இல் 49 வயதில் இறந்த சேர் ஜோன் டொயிலி. ஒவ்வொருவருக்கும் பெயர், திகதி, பலருக்குக் காரணமும்கூட. 1913இல் பென்றி லூயிஸ் இலங்கையின் கல்லறை வாசகங்களைத் தொகுத்து அச்சிட்டுவிட்டதால் கல் தேய்ந்தாலும் பெயர் தேயாது. 200 ஆண்டு முந்தைய ஒரு சிப்பாயின் சாவை இன்று பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

அதே காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக 200 கிலோமீற்றருக்கு மேல் நடந்து கண்டியின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களில் 1840களில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் இறந்தார்கள், நால்வரில் ஒருவர், என்பது அக்காலக் கொழும்புப் பத்திரிகை போட்ட கணக்கு. திரும்பிப் போனவர்கள் எல்லோரும் எண்ணப்படவில்லை என்று இதை ஐயுறும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் 35,000. காவற்படை மயானத்தின் 195, அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தொகை. இந்த 35,000 பத்தே ஆண்டின் தொகை. காலத்தை ஒதுக்கிவிட்டு வகுத்தாலே பெயருள்ள ஒரு கல்லுக்குப் பெயரில்லாத 179 உடல்.

பிட்டக்கந்தையிலுள்ள கண்டிப் போர் மயானத்தில் 203 கல்லறைகள்: பிரித்தானியர் 107, கிழக்கு ஆபிரிக்கர் 35, இலங்கையர் 26, இந்தியர் 23, கனேடியர் 6, இத்தாலியர் 3, பிரெஞ்சுக்காரர் 1, அடையாளம் தெரியாதவர் 2. தெரியாத அந்த இருவருக்கும் மற்றவர்களுக்குப் போலவே கல் உண்டு, புல்லும் வெட்டப்படுகிறது. 203இல் 2 என்பது 1 சதவீதம்கூட இல்லை. இறந்தவரை எண்ணி, பெயரெழுதி, இடம் குறித்து வைக்க வேண்டும் என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்தால் பிழை எவ்வளவு சிறிதாகும் என்பதற்கு இந்த 2 ஓர் அளவு.

கொவிட் காலம் இதற்கு நேர்மாறான அளவு. 2020 ஏப்ரல் வர்த்தமானியிலிருந்து 2021 பெப்ரவரி இறுதிவரை கொவிட்டால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்றிருந்தது. அப்படி எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று 2024இல் மன்னிப்புக் கேட்டபோது அரசு சொன்னது. 2021 மார்ச் 5 முதல் புதைக்க விட்டார்கள், ஆனால் நாட்டில் எங்கே இறந்தாலும் ஓட்டமாவடியில் மட்டும். ஓராண்டில் அங்கே புதைக்கப்பட்டவர்கள் 3,634 பேர், நாளுக்குப் பத்து. முஸ்லிம்கள் 2,992 (82.3 சதவீதம்), இந்துக்கள் 287, பௌத்தர்கள் 270, ஏனையோர் 85. கண்டியிலிருந்து அந்த இடம் 150 கிலோமீற்றருக்கு மேல். மஹியாவை மையவாடிக்கு நடந்துபோய் வெள்ளிக்கிழமை ஸியாரத் செய்திருக்க வேண்டிய மகன், தந்தையின் கபுறைப் பார்க்க ஒருநாள் கூலியை விட்டுப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஆனாலும் எண் போட்ட குழி அங்கே இருக்கிறது. எரிக்கப்பட்ட 276 பேருக்கு அதுவும் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாட்டில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள்; அதில் 200க்கு மேல் கண்டி மாவட்டத்தில், மூன்றில் ஒரு பங்கு. நாளுக்கு 33 என்ற சராசரியில் 200 என்பது ஆறு நாள் சாவு. மலை சரிந்த இடங்களில் வீடும் ஆளும் ஒன்றாக மண்ணுக்குள் போனார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு மலர்ச்சாலையும் பெட்டியும் வாகனமும் இல்லை. பற்றுச்சீட்டின் முதல் ஐந்து வரியும் அவர்களுக்கு வெறுமை. எஞ்சியது ஆறாவது வரி மட்டும்.

தெல்தோட்டைப் பக்கம் என் மாமா வீட்டில், சாமிப்படத்துக்குப் பின்னால் பொலித்தீன் உறையில் சுற்றிய ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. அவர்கள் மரண உதவிச் சங்கத்தின் கணக்கு. ஒரு சாவுக்கு ஒரு பக்கம். மேலே சிவப்பு மையில் பெயரும் திகதியும். கீழே லய இலக்க வரிசையில் குடும்பத் தலைவர் பெயர்கள், எதிரே கொடுத்த தொகை. அடியில் கூட்டுத்தொகை, செயலாளரின் கையெழுத்து. தொகை கொடுக்க முடியாதவர் பெயருக்கு எதிரே "குழி வெட்டினார்" என்று எழுதியிருக்கிறது. பத்திரிகை அறிவித்தலில் இல்லாதது, இறப்புச் சான்றிதழில் இல்லாதது, அந்த இரண்டு சொல். கொப்பியின் முதல் சில பக்கங்களை ஈரம் தின்றுவிட்டது. மிச்சப் பக்கங்களை மாமா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பிடித்தார். நான் கைபேசியில் படமெடுத்தேன், 87 பக்கம். 88ஆவது பக்கத்தில் கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள்.